கப்பலில் மாட்டிய எங்கள் படங்கள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய டீச்சர். பிள்ளைகளுக்கு மாங்காயும் பானையும் வரையச் சொல்லித் தருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக வரைவேன். அந்த வட்டாரத்தில் என்னைப்போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். ஒருவர் திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தார், ஒருவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. கித்தான் வாங்க முடியாதபோது பழைய படகுப் பாய்த்துணியை இழுத்துக் கட்டி அதில் வரைவோம். கடல் தாண்டி இருக்கிறவர்கள் நம் படங்களைப் பார்க்க வேண்டும் என்று சந்திக்கும்போதெல்லாம் பேசுவோம். பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம்.

ஒரு மதியம் அந்தக் குமாஸ்தா பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு வந்து நின்றார். வியர்வை வழிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டீச்சர், ஒரு கப்பலு நின்னுகினு கீது!"

"துறைமுகத்துல கப்பல் நிக்காம வேற என்ன நிக்கும்?"

"ஐய, கேளுங்க. சீமைலேர்ந்து வந்து சிங்கப்பூர் போற கப்பலு. மெஷினு ரிப்பேரு. நாளைக்கு சாயங்காலம் வரிக்கும் நவுராதாம். உள்ள வெள்ளக்காரங்கல்லாம் பேஜாராயி குந்திகினு கீறாங்கோ. நான் பர்சராண்ட பேசிட்டேன்."

"யாரு பர்சர்?"

"பேசஞ்சருங்கள கவனிச்சிக்கிற ஆபீசரு. சாப்பாட்டு ஹால்ல படத்தயெல்லாம் மாட்டிக்கோன்ட்டாரு! காலீல எத்தினு வரச் சொன்னாரு."

மதிய வகுப்பில் கரும்பலகையில் பானைக்குக் கழுத்து வரையவே மறந்துபோனேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எங்கள் அப்பாவுக்கு ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மாதான் முதலில் பயந்தாள்.

"ஏட்டி, கப்பல்ல ஏறினா எறங்க விடுவானா? அப்படியே கொண்டு போயிட்டான்னா?"

அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. "படத்தைக் கொண்டுபோக வண்டி வேணும்லா?" என்று மட்டும் கேட்டார். மண்டியின் கைவண்டியைக் கழுவச் சொன்னார். காலையில் என் படங்களை அவரே காலிச் சாக்குகளில் சுற்றிச் சணலால் கட்டினார். மற்றவர்களும் தங்கள் படங்களோடு எங்கள் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடையதையும் சுற்றிக் கட்டினார். வண்டியை ஆளிடம் கொடுக்காமல் தானே இழுத்தார். நாங்கள் ஐந்து பேரும் பின்னால் தள்ளிக்கொண்டு போனோம்.

துறைமுக வாசலில் சுங்க அதிகாரி நிறுத்தினார்.

"இன்னா சரக்கு? ஏத்துமதியா?"

"இல்ல சார், சாயங்காலம் திரும்பி வந்துரும்" என்றேன்.

"அப்ப எறக்குமதியா?"

அவர் ஒரு சாக்கை முகர்ந்து பார்த்தார். "கருப்பட்டி வாசன அடிக்குதே" என்று அவிழ்த்தார். உள்ளே குமாஸ்தா வரைந்த படம், மழையில் நனைந்து நிற்கும் பளுதூக்கி. அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யோவ், இது நம்ம கிரேனு இல்ல? அந்தாண்ட கடேசில கீதே, அது?"

"அதேதான் சார்."

"தோ பார்றா!" என்று பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கையசைத்து உள்ளே விட்டார். ஆனால் அப்பாவுக்கு அனுமதி இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

கப்பலின் ஏணியில் கூலியாட்கள் படங்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். எனக்குக் கீழே பார்க்கப் பயமாக இருந்தது, மேலே பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் திரைத்துணிக் கம்பிகள் சுவர் நெடுக ஓடின. தூண்டில் நரம்பால் படங்களை அவற்றில் தொங்கவிட்டோம். கப்பல் லேசாக அசையும்போது எல்லாப் படங்களும் ஒரே மாதிரி அசைந்தன.

கடைசிச் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். கொண்டுவரக் கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த படத்தையும் அப்பா சேர்த்துக் கட்டியிருந்தார். எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். பிடித்ததைப் போடுவதற்கு ஓலைப்பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் நின்ற பெண்ணின் முகம் எனக்குப் பிடிபடவே இல்லை. வரைந்து வரைந்து சுரண்டியதில் அந்த இடம் வெறும் துணியாக இருந்தது. அதைத் திரும்பச் சுற்றுவதற்குள் பர்சர் வாங்கி நடுச்சுவரில் மாட்டிவிட்டார்.

பயணிகள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் எதிர்பார்த்ததுபோல யாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. ஒரு அம்மாள் மூலக்கொத்தளத்துத் தெருவில் பூக்கள் இறைந்து கிடக்கும் படத்தைக் காட்டி, "என்ன திருவிழா?" என்று கேட்டார். வரைந்தவர் தன் ஓட்டை ஆங்கிலத்தில், திருவிழா இல்லை, இப்போதுதான் ஒரு சவ ஊர்வலம் போனது என்றார். அந்த அம்மாள் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

என் படத்தின் முன்னால் புகைக்குழாய் பிடிக்கும் ஒரு கிழவர் நின்றார். முகமில்லாத பெண்ணைக் காட்டி மற்றவர்களுக்கு விளக்கினார். இது உழைப்பில் தன்னையே தொலைத்தவளின் உருவம், மிகத் துணிச்சலான புதுமை என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. குமாஸ்தா என் காதருகில் வந்து, "வாயத் தொறக்காதீங்க டீச்சர், நல்லாத்தான் போய்க்கினு கீது" என்றார்.

என்னால் முடியவில்லை. "மன்னிக்க வேண்டும், அந்த முகம் எனக்கு வரவில்லை. இந்தப் படம் இன்னும் முடியவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரையும்விட அந்தக் கிழவர்தான் அதிகம் சிரித்தார். "அப்படியானால் இங்கேயே முடித்துவிடுங்கள். நாங்கள் எங்கே போகப்போகிறோம்?" என்றார்.

வரும் வழியில் படங்கள் உரசியிருந்தால் சரிசெய்யலாம் என்று வண்ணப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் யார் முகத்தை வரைவது? சுற்றிலும் பார்த்தேன். கதவோரத்தில், வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்தபடி நம் ஊர்க்காரி ஒருத்தி நின்றிருந்தாள். பினாங்கு போகும் ஒரு குடும்பத்தின் ஆயா.

"கொஞ்ச நேரம் இப்படி வந்து நிக்கிறீங்களாம்மா?"

"நானா? என் மூஞ்சியவா வரையப் போற?" வெட்கத்தில் குழந்தையின் பின்னால் ஒளிந்துகொண்டாள். குழந்தையின் தாயே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை முன்னால் தள்ளினாள். பறிக்குப் பதிலாக மேஜைத் துணி ஒன்றை முடிச்சுப் போட்டு அவள் பல்லில் கடிக்கக் கொடுத்தேன். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் துணியை விடவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்லை இறுகக் கடித்த அந்த முகம்! அத்தனை நாள் நான் தேடியது அதுதான். யார் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. தூரிகை தானாகப் போனதுபோல இருந்தது.

கடைசியாகப் படத்துப் பெண்ணின் கண்ணில் வெளிச்சப் புள்ளி வைத்தபோது கப்பலின் சங்கு ஊதியது. ரிப்பேர் முன்னதாகவே முடிந்துவிட்டதாம். உடனே கிளம்பப் போகிறார்கள்.

ஒரே அமளி. பயணிகளும் சேர்ந்து படங்களைக் கழற்றித் தந்தார்கள். என் படத்தில் ஈரம் பளபளத்தது. அதன்மேல் சாக்கைச் சுற்றினால் முகம் போய்விடும். நான் சாக்கைக் கையில் பிடித்தபடி விழித்தேன்.

"இங்கேயே விடுங்கள். கடலில் காயட்டும். நாங்கள் திரும்பி வருவோம்" என்றார் பர்சர்.

"வுட்டுட்டு வாங்க டீச்சர், ஏணிய தூக்கறான்!" குமாஸ்தா கத்தினார். ஆயா மேஜைத் துணியை ஆட்டி விடைகொடுத்தாள். நாங்கள் படபடவென்று இறங்கி ஓடினோம்.

வாசலில் அப்பா வண்டியோடு அதே இடத்தில் நின்றிருந்தார். "என்ன, எண்ணூர்ப் படத்தைக் காணோம்?"

"கப்பல்லயே போயிருச்சுப்பா."

அப்பா என்னைப் பார்த்தார், நகரும் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு நடுத்தெருவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "உன் மக எறங்கிட்டா. படம்தான் சிங்கப்பூருக்குப் போவுது" என்றார்.

மழைக்காலம் முடிந்தபின் அந்தக் கப்பல் திரும்பி வந்தது. இந்த முறை பர்சர் அப்பாவுக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தார். என் படம் நடுச்சுவரிலேயே இருந்தது. ஆடாமல் இருக்கப் பித்தளைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கப்பலுக்கு வந்தவர்களெல்லாம், அந்தப் பெண்கள் எதைக் கடித்திருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். பதில் தெரியாமல் தவித்துப் போனாராம் பர்சர். 'பறி' என்ற சொல்லை நான் சொல்லச் சொல்ல அவரும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ற அவர் வாயில் நுழையவே இல்லை.

"இந்தப் படம் இங்கேயே இருக்கட்டும். புதிதாக ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். போகிற இடமெல்லாம் காட்டுவோம்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாவிட்டாலும் நாங்கள் கேட்டிருப்போம். கைவண்டி நிறையப் புதுப் படங்களோடுதான் போயிருந்தோம். கூலியாட்கள் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தார்கள். ஏணிமேல் நின்று மாட்டிய வெள்ளைக்கார மாலுமியிடம் அப்பா சுத்தத் திருநெல்வேலித் தமிழில், "இடப்பக்கம் சரிஞ்சிருக்குல்லா, கொஞ்சம் தூக்கும்" என்றார். மாலுமி தூக்கினான்.

"இப்பம் சரி" என்றார் அப்பா. அடுத்த படத்தைத் தானே எடுத்து நீட்டினார்.