கொடுமுடிக்குப் போன இரண்டு லட்ச ரூபாய் விஸ்கி

காலை 7.10, சரவணம்பட்டி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் விஸ்கியை மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரம் வரை இலவசமாகப் போனேன்.

விஸ்கி என்னுடையதல்ல. நான் ஒரு கல்லூரியில் நூலகர், குடித்ததில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் விடுப்பில் வந்துவிட்டுத் திரும்பும் நாளில் என்னிடம் தந்த பாட்டில் அது. "கொடுமுடியில துரைசாமிகிட்ட நீயே நேர்ல குடுத்துரு. எனக்குத்தான் போக நேரமில்லாமப் போச்சு" என்றார். துரைசாமி அண்ணனின் கல்லூரி நண்பர். விடுதி மொட்டை மாடியில் மலிவுச் சரக்கில் தண்ணீர் கலந்து குடித்தபடி, ஒருநாள் முப்பது வருட விஸ்கி குடிப்போம் என்று இருவரும் பேசிக்கொண்டதுண்டாம். பின்னாளில் எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்தொன்பது நாளும் கூடவே இருந்தவர் துரைசாமிதான். அண்ணனால் வர முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பாட்டில்.

அதன் மரப்பெட்டி என் பைக்குள் நுழையவில்லை. பாட்டிலை மட்டும் இரண்டு குளியல் துண்டுகளில் சுற்றி, பையின் அடியில் படுக்கவைத்தேன். படுத்திருப்பது விழாது என்பது என் கணக்கு.

8.05, காந்திபுரம். ஈரோடு பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பையை மடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்தேன். போலீஸ் சோதனை வந்தால் காட்ட விமான நிலையக் கடையின் ரசீது பர்சில் இருந்தது. அவிநாசி வருவதற்குள் அது இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அவிநாசி தாண்டியதும் வாசனை வந்தது. நெய்யில் வறுத்த உலர்திராட்சை, அதோடு லேசாகக் கருகிய மரம். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இன்னொரு முறை இழுத்து முகர்ந்தேன். பிறகுதான் பையின் அடி நனைந்திருப்பது கையில் பட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினார். நடத்துநர் வந்து நின்றார்.

"ஏனுங்க, யாருங்க காலங்காத்தால போட்டுட்டு ஏறுனது?"

அவர் பார்வை எனக்குப் பின் இருக்கையில் இருந்த பெரியவர்மேல் நின்றது. "என்னையப் பாக்காதீங்க. நான் பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்க" என்றார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. பெருந்துறை வரை அவரைப் பார்த்து நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "படுக்க வெச்சியா? சரக்கு கார்க்கை அரிச்சுடும். நிமித்தி வை."

10.40, ஈரோடு. பெண்கள் காத்திருப்பு அறையில் பிரித்துப் பார்த்தேன். கார்க்கு ஒரு பக்கம் பொடிந்திருந்தது. விஸ்கி இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. துண்டுகளை பிளாஸ்டிக் பையில் முடிந்து, பாட்டிலை மஞ்சப்பையில் நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவே பிடித்தபடி கரூர் பேருந்தில் நாற்பது கிலோமீட்டர் போனேன். குறைந்ததை எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வழியில் வேறொன்றும் நினைவில்லை.

12.10, கொடுமுடி. வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. துரைசாமி அண்ணா வாசலுக்கே வந்தார். நான் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தார். "வாங்க அம்மணி. பஸ்ஸுல கூட்டமுங்களா?"

உட்கார்ந்ததும் பாட்டிலைக் கொடுத்து, சிந்தியதையும் சொல்லிவிட்டேன். அவர் காதில் அது விழவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் வருடத்தைப் படித்தார்.

"நாங்க பேசுனத மறக்காம வெச்சிருக்கானுங்க பாருங்க."

பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி கோகிலா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, கீழ வெச்சுருங்க" என்றார் மெதுவாக.

அவர் வைக்கவில்லை. இன்னொரு முறை முகர்ந்தார். கடைசியில் பாட்டிலை என் பக்கம் நீட்டினார்.

"நான் குடிய உட்டுப் பதினாலு மாசமாச்சுங்க அம்மணி. இது இந்த ஊட்டுல இருக்கக்கூடாது. சாப்புட்டுப்போட்டு எடுத்துட்டுப் போயிருங்க." பாட்டிலை என் கையில் திணித்தார். "இல்லீங்க. சாப்புடறதுக்கு முன்னாடியே."

பாட்டிலோடு கொல்லைப்பக்கம் போனேன். கோகிலா பின்னாலேயே வந்தார்.

"கொட்டிப்போடலாமுங்களாக்கா?"

"ரெண்டு லட்சங்க" என்றேன். ஒரு சொட்டும் குடிக்காத என் வாயிலிருந்துதான் அது வந்தது.

"இவரு குடிச்சது நூத்தி நாப்பது ரூவா குவாட்டருங்க. அதுலயே ஆறு மாடும் முக்கா ஏக்கராவும் போச்சுங்க."

மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. கார்க்கைத் திருகியபோது பாதி கையோடு வந்தது, மீதி கழுத்தில் சிக்கிக்கொண்டது. கோகிலாவின் கரண்டிக் காம்பால் அதை உள்ளே தள்ளிவிட்டுக் கவிழ்த்தேன். குறுகிய கழுத்து, விக்கி விக்கித்தான் வடிந்தது. அந்த வாசனை தொழுவம் முழுக்கப் பரவியது. வீட்டுக்குள் டிவியின் சத்தம் கூடியது. முழுவதும் வடியும்வரை என் கை வலித்தது.

1.15. அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். துரைசாமி அண்ணா மஞ்சள் விலையைப் பற்றியே பேசினார். எனக்கு இரண்டாம் முறை அவரே பரிமாறினார்.

3.00. கோகிலா ஸ்கூட்டரில் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். "உங்கண்ணன ஒருக்கா வரச் சொல்லுங்கக்கா. வெறுங்கையோட வரட்டும். இவரு நாலஞ்சு வருசமா அவரப் பத்தியே பேசிட்டிருக்காருங்க."

திரும்பும் வழியில் பெருந்துறை அருகே அண்ணன் அழைத்தார்.

"குடுத்துட்டியா? என்ன சொன்னான்?"

"கொட்டிட்டேண்ணா. அவரு குடியை உட்டுப் பதினாலு மாசமாச்சாம்."



"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"நீங்க கேட்டீங்களாண்ணா?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அடுத்த லீவுல வர்றப்ப அவன் ஊட்டுக்கு எந்த பஸ்ஸுல போகோணும்?" என்றார்.

காந்திபுரத்தில் ஈரோடு வண்டி, ஈரோட்டில் கரூர் வண்டி, கொடுமுடியில் இறங்கி வாழைத்தோட்டத்துப் பக்கம் என்று சொன்னேன். இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது.