பாஞ்சோவுக்குப் பொன்னாடை

நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்குவதற்கு முன் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில், கீழ் வீட்டில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர் ஒருவர் தனியாக இருந்தார். கறுப்பினத்தவர், எழுபதைத் தாண்டியவர், பிறந்தது டெக்ஸாஸில். தம் ஜனங்களின் சோகப் பாட்டான புளூஸை அந்த வாத்தியத்தில் வாசித்தே ஆயுளைக் கழித்தவர். நாங்கள் குடிபோன வாரம் தரை வழியாகச் சத்தம் மேலே வந்தபோது என் கணவர் கம்ப்ளெயின்ட் பண்ணக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். சென்னையில் வருஷக்கணக்கில் பாட்டு கற்றுக்கொண்டும் ஒரு கச்சேரிகூடச் செய்யாதவள் நான், ஆனாலும் காது உண்டு. சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்ற இரண்டு சுரங்களுக்கும் நடுவில், என் பாட்டு டீச்சர் கேட்டால் தலையில் குட்டக்கூடிய ஓர் இடத்தில், அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒரு தட்டு, அப்புறம் சும்மா இருப்பது, அப்புறம் இன்னொரு தட்டு. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

பழகிய பிறகு கதையைத் தெரிந்துகொண்டேன். இளவயதில் கூட இருந்தவர்கள் எல்லோரும் கிதாருக்கு மாறிவிட்டார்களாம். பாஞ்சோ என்றால் வெள்ளைக்காரன் முகத்தில் கரி பூசிக்கொண்டு தங்களைக் கேலி செய்த காலம் ஞாபகம் வருகிறது என்று சொந்த ஜனங்களே முகம் சுளித்தார்கள். வெள்ளைக்காரர்களோ அது தங்கள் வாத்தியம், வேகமாக வாசிக்க வேண்டியது என்று நினைத்தார்கள். இவர் இரண்டு பக்கமும் இல்லாமல் மதுக்கடைகளிலும் நடன விடுதிகளிலும் மெதுவாக வாசித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. அதில் ஊதுகுழல்களுக்கு அடியில் பாஞ்சோவை அமுக்கிவிட்டார்கள். அதிலிருந்து ரெக்கார்டு பண்ணும் எந்த மெஷினையும் கிட்டே சேர்க்க மாட்டார். நான் ஒருமுறை கேசட் ரெக்கார்டரைக் கொண்டுபோனபோது வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள், டெக்ஸாஸில் இருந்தாள். அப்பா ஊர் சுற்றியபோது அம்மாவும் அவளும் தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். சர்ச்சே கதி என்று இருந்தவள், புளூஸ் சாத்தானின் பாட்டு என்று நம்பியவள். மதுக்கடையில் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லி, அப்பா மேடையில் வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை. இதற்குள் அவர் வலது கைக்கு நடுக்குவாதம் வந்துவிட்டது. மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும், அதற்கப்புறம் கேட்காது. அதிகமாகப் போட்டாலோ உடம்பே முறுக்கிக்கொள்ளும். கை முழுசாகப் போவதற்குள் மகள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வியாதியைப் பற்றி அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெரிந்தால் அங்கே கூட்டிப்போய் ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாளாம்.

அந்த வருஷம் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஓர் அமெரிக்கக் கலைஞர் வேண்டும் என்று தேடினார்கள். பள்ளிக்கூட ஹால், குழந்தை குட்டிகள், மது வாசனையே கிடையாது. அதைச் சொன்னதும் மகள் வரச் சம்மதித்தாள். நம் விழாக்களின் லட்சணம் தெரிந்தவள் என்பதால் நான் சங்கச் செயலாளரிடம் மருந்து விஷயத்தை விளக்கினேன். முதல் ஐட்டமே அவர்தான் என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

மூன்று மணி விழாவுக்கு மூன்று மணிக்கு வந்தவர்கள் அவரும் மகளும் நாங்களும் சாம்பார் அண்டாவும்தான். குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய டாக்டர் டர்ன்பைக் நெடுஞ்சாலை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். பாஞ்சோக்காரர் மாத்திரை போட்டு, சுருதி கூட்டி, மேடைக்குப் பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். கை அசையாமல் மடியில் இருந்தது. நான் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன். விளக்கேற்றாமல் எப்படி ஆரம்பிப்பது என்றார். விளக்கேற்றியாயிற்று, இப்போதாவது விடுங்கள் என்றால், குழந்தைகள் டான்ஸ் முடியட்டும் என்றார். டான்ஸுக்கு நடுவில் டேப் சிக்கிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். நான் குரலை உயர்த்தினேன்.

"அக்கா, கோச்சுக்காதீங்க," என்றார் செயலாளர். "அவரு எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட். ஃபர்ஸ்ட்ல போட்டா கூட்டமே இருக்காது, அவருக்கு மரியாதையா இருக்காதுக்கா. லாஸ்ட்ல போட்டாதான் கிராண்டா இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டபோது அந்த வலது கை தொடையில் துடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் வாசிக்க விடவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, பாஞ்சோவுக்கு மூதாதை நம் யாழ்தான் என்று தமிழில் நீளமாக நிரூபித்தார். பலத்த கைத்தட்டல். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை தந்திகளில் சிக்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதை ஹால் நிறைய ஜனத்தோடு நடத்திக் காட்டினோம்.

அவர் வாசித்தார். நகம் ஒரு தந்தியைத் தேடி இன்னொன்றில் விழுந்தது. நான் தரையில் உட்கார்ந்து கேட்ட அந்த இடத்துக்குப் போக முயன்று முயன்று, போகாமலே நிறுத்திவிட்டார். ஜனம் எழுந்து நின்று கைதட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடியது.

காரை நான்தான் ஓட்டினேன். அவர் முன் சீட்டில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமே இல்லாத குரல்.

"டாடி, இதுக்காகத்தானா நானும் அம்மாவும் அத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தோம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஆமாம்மா," என்றார். "இதுக்குத்தான்."

வீடு வந்து அவர் உள்ளே போனதும் கார் நிறுத்தும் இடத்திலேயே அவளை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். வியாதி, மருந்து, எங்கள் ஆட்கள் தாமதித்தது, அவர் உண்மையில் எப்படி வாசிப்பார் என்பது. காந்தாரம் அது இதென்று பாடிக்கூடக் காட்டினேன். என் குரலில் அது வரவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயதான மனிதருக்கு நீங்கள் எவ்வளவு அன்பான பக்கத்து வீட்டுக்காரர், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்றாள். ஒரு வார்த்தையையும் அவள் நம்பவில்லை.