பால் புட்டிக்கு வைத்த மூடி

வெளிநாட்டிலிருந்து ஆறு தையல் மெஷின்கள் சௌந்திரத்தின் மாட்டுக் கொட்டகைக்கு வந்ததில், முதலில் உயிர் பிழைத்தது ஒரு மேச்சேரிக் கிடா. புதுத் தொழில் தொடங்கினால் கருப்பனாருக்குக் கிடா வெட்டுவது அவள் குடும்பத்து வழக்கம். மெஷின் கொடுத்த தொண்டு நிறுவனத்தின் ஹில்டா அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "எங்கள் காசில் ரத்தம் கூடாது" என்று, கற்றுக்கொண்ட தமிழில் கண் கலங்கினார். கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

அது எண்பத்தைந்தாம் வருஷம். இலங்கையிலிருந்து படகு படகாக அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். முகாம் பிள்ளைகளுக்குத் துணி தைப்பது வேலை, கூலி நிறுவனத்தினுடையது. முகாம்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதும், தைத்ததை ஜீப்பில் ஏற்றிப் போவதும் சிவநேசன் என்ற இலங்கை இளைஞன். நிறுவனம் அவனை நம்பியது. சௌந்திரம் நிறுவனத்தை நம்பினாள்.

ஒருநாள் அவன் கவுனுக்குப் பதிலாகக் கெட்டியான பச்சைத் துணியில் கையில்லாத சட்டை ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்தான். மார்பில் நான்கு நீளப் பைகள்.

"இது என்னத்துக்குங்க?"

"தொண்டர்மாருக்கு அக்கா. குழந்தையளுக்குப் பால் போத்தல் கொண்டு போக."

"புட்டி ஏனுங்க வளைஞ்சிருக்குது?"

"வெளிநாட்டுப் போத்தல்."

"அவங்க ஊர்ல எதுதான் நேரா இருக்குது?" என்று பக்கத்து மெஷின் பூவாத்தாள் சிரித்தாள்.

சௌந்திரம் சிரிக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளைப் புட்டிப்பாலில் வளர்த்தவள் அவள். புட்டி விழுந்து உடைந்தால் பிள்ளை எப்படி அழும் என்று தெரியும். யாரும் கேட்காமலே ஒவ்வொரு பைக்கும் டிச் பட்டனோடு ஒரு மூடி வைத்தாள். புதுத்துணி என்பதால் மூலையில் மஞ்சளும் தொட்டு வைத்தாள். சிவநேசன் மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தான். "அக்கா, உங்களுக்குப் பரிசே தர வேணும்!"

அடுத்த வருஷம், அக்குளில் கிழிந்த பச்சைச் சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுத்தான். ஒரு பை கனத்தது. சௌந்திரம் பட்டனைத் திறந்தாள். கறுப்பாக, வளைவாக, துப்பாக்கியில் செருகும் இரும்புப் பெட்டி. வாயில் பித்தளை நிறத்தில் ஒரு தோட்டா.

"இந்தப் புட்டிக்கு ரப்பர் எங்கீங்க?" என்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்." அவன் வெட்கப்படவில்லை, பாராட்டவே செய்தான். "நல்ல மூடி. எங்கட ஆக்கள் பஸ்ஸை மறிச்சுச் சுட்டுப்போட்டு ஒரு மைல் ஓடினவங்கள். ஒண்டும் விழேல்லை."

"பஸ்ஸுல ஆருங்க இருந்தாங்க?"

"சிங்களச் சனம்."

"பொம்பளைக, கொழந்தைக?"

அவன் ஜீப்பைப் பார்த்தான். "எங்கட சனத்துக்கு அவங்கள் செய்தது..."

"அத நான் கேக்கலீங்க."

எல்லாவற்றையும் மறுநாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அவன் இரும்பைச் சட்டையோடு விட்டுப் போனான். சௌந்திரம் அன்று பகலே பஸ் ஏறி, டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் தங்கியிருந்த ஹில்டா அம்மாவைக் கையோடு அழைத்து வந்தாள். அந்த இரும்பைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாங்கள் துணிக்கும் கூலிக்கும்தான் கொடுத்தோம்" என்றார்; திரும்பவும் அதையே சொன்னார். பிறகு மெதுவாக: "வெளியே தெரிந்தால் எல்லா முகாமுக்கும் பால் பவுடர் நின்றுவிடும். அவனைப் பகைக்க வேண்டாம். தைத்து முடித்ததை மட்டும் கொடுத்துவிடுங்கள். இனிமேல் வேண்டாம்."

சௌந்திரம் அவரையே பார்த்தாள். "ஒரு கெடாவுக்கு அழுதீங்களேம்மா."

மூலையில் பச்சைச் சட்டைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அவள் கத்தரியை எடுத்தாள்.

"அக்கா, மெஷினைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. நாம எங்க போறது?" என்றாள் பூவாத்தாள்.

"புடுங்கட்டும் சாமி. நீ அந்தக் கத்தரிய எடு."

முதலில் மூடிகளை வெட்டினாள். அவை அவளுடையவை.

மறுநாள் ஜீப் வந்தபோது கொட்டகையில் ஒரு சாணுக்கு மேல் நீளமான பச்சைத் துணி எதுவும் மிஞ்சவில்லை. கிடா ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தது. ஹில்டா அம்மா சொல்லி அனுப்பிய ஆட்கள் மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.