தீக்காவல் நிலையங்கள் இருந்த இடம்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அப்பாவின் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கியது. அக்காவும் நானும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால், வீட்டில் பழகட்டும் என்று கொண்டுவந்தார். நாங்கள் அதில் பழைய ரோமாபுரி நகரம் ஒன்றைக் கட்டும் விளையாட்டை ஆடினோம்.

வயல், சந்தை, துறைமுகம் எல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். தீ என் பொறுப்பு. அந்த விளையாட்டில் தீக்காவல் நிலையம் கட்டினால் அதிலிருந்து ஓர் ஆள் கிளம்பித் தெருவில் நடப்பான். அவன் கடந்து போகும் வீடுகளில் தீப்பிடிக்காது. தீ கண்டால் வாளியோடு ஓடுவான். 'பக்கெட்காரன்' என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தோம். தெரு பிரிகிற இடத்தில் மட்டும் இஷ்டத்துக்குத் திரும்பிவிடுவான். அவன் போகாத தெரு எரியும். இரண்டு நகரங்களை அப்படி இழந்த பிறகுதான், கிளை பிரியாமல் சுற்றி வரும் தெருக்களைப் போடக் கற்றேன். மூன்றாவது நகரம் நான்கு மாதம் நின்றது.

படிப்பு முடித்து இருவரும் வேலைக்குப் போவது, அதுவரை கல்யாணப் பேச்சே கூடாது என்று எங்களுக்குள் ஒரு முடிவு இருந்தது. சொன்னவள் அக்காதான்.

தசரா விடுமுறையில் ஆனேக்கல்லில் இருந்த சித்தி வீட்டுக்கு அம்மா என்னை மட்டும் அனுப்பினாள். மூன்று நாள் கழித்துத் திரும்பியதும் கம்ப்யூட்டரைப் போட்டேன். நகரம் முழுக்கக் கரி.

"என்னக்கா ஆச்சு?"

"தீ புடிச்சிடுச்சுடி. நான் கவனிக்கல."

எரிந்த வீடுகள் இடிபாடாகக் கிடந்தன. ஆனால் தீக்காவல் நிலையங்கள் இருந்த பதினோரு இடங்களிலும் வெறும் பச்சைத் தரை. எரிந்தால் இடிபாடு மிஞ்சும். நாமே அழித்தால்தான் தரை அப்படிச் சுத்தமாக இருக்கும்.

"நீயே டிலீட் பண்ணியா?"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமா."

"ஏன்?"

"சும்னே. சும்மாதான்."

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "அவகிட்ட சொல்லிடு. எவ்ளோ நாளைக்கு மறைப்பே?" என்றாள்.

நான் ஊரில் இல்லாதபோது சந்தாபுராவிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அக்கா சரியென்று சொல்லிவிட்டாள். தை மாதம் கல்யாணம். சித்திக்கும் தெரியும். மூன்று நாளும் எனக்குத் தோசை ஊற்றிப் போட்டவள், ஒரு வார்த்தை விடவில்லை.

"என்னை அனுப்பச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா. "நீ இருந்திருந்தா அழுதிருப்பே. நானும் வேணாம்னு சொல்லியிருப்பேன். எனக்கு வேணாம்னு சொல்லத் தோணலடி. அவரைப் புடிச்சிருந்துச்சு."

"அதுக்கு ஊரை ஏன் எரிச்சே?"

"நான் போனப்புறம் நீ மட்டும் ஒக்காந்து அதை நடத்திட்டு இருப்பேன்னு நெனச்சேன். தாங்கல."

அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. ஒவ்வொன்றாகப் பதினோரு முறை அழுத்தி அழித்திருக்கிறாளே, ஒரு முறைகூடக் கை நிற்கவில்லையா என்றுதான் மறுபடி மறுபடி நினைத்தேன்.

கல்யாணத்தில் வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டினேன். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது, தலைவலி என்று பந்தி நடந்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். இன்றும் அந்த ஆல்பத்தில் நான் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். புது வீட்டைப் பற்றி, மாமியாரைப் பற்றி ஏதேதோ பேசிவிட்டு, "புதுசா ஊர் கட்டினியா?" என்று கேட்டாள்.

நான் அந்த விளையாட்டு சி.டி.யை வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கொடுத்து வெகு நாளாகியிருந்தது.

"கட்டிட்டேன். நம்மளதவிடப் பெருசு. இதுவரைக்கும் ஒரு வீடுகூட எரியல" என்றேன்.

அவள் "நல்லது" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.