வண்டிச் சத்தமும் வெந்நீரும்

இன்று பெங்களூரில், எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில், நெடுநாள் ஓடாமல் நின்ற பைக் ஒன்றிலிருந்து யாரோ பழைய பெட்ரோலை வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கெட்ட வாடை என்னை நேரே மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா வெந்நீருக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் குளிக்கும்போது சுரங்கத் தூசி கரைந்து, சோப்பு நுரை சாம்பல் நிறத்தில் சாக்கடையில் ஓடும். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த வண்டி சாக்கு போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் சுவரோரம் நின்றது.

விற்பதற்காக ஒருநாள் அப்பா அதை வெளியே தள்ளி, கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைத் தேய்த்து, வியர்க்க வியர்க்க உதைக்க, அது இருமி, அணைந்து, மறுபடி இருமி, புகை கக்கிக்கொண்டு ஒருவழியாக ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து விறகுப் புகை வந்தது.

“இன்னாத்துக்கு இப்ப வெந்நீர் போட்ட?” என்றார் அப்பா.

“வண்டி சத்தம் கேட்டுச்சிங்க. கை தானா பத்த வச்சிடுச்சி.”

அப்பா வண்டியை அணைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய், வெந்நீர் தீரும்வரை தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். நான் சாக்கடையோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நுரை வெள்ளையாகவே வந்தது.