பத்தடிக் கராஜும் தையல்கார அக்காவும்

எங்கள் கராஜின் அளவு பிழை என்று எனக்குப் பட்டது, இன்றைக்கு மினிபஸ்ஸில் என் கை முன்சீட்டுக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்ட கணத்தில்தான்.

உடுப்பிட்டியில் ஏறியதிலிருந்து வரைபடத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். அகலம் பத்தடி. அப்பாவின் காருக்கு ஐந்தரை, என் மரவேலை மேசைக்கு இரண்டு. மிச்சம் இரண்டரை அடி போதாதா? நாளைக் காலை மேசன் அத்திவாரம் வெட்ட வருகிறார். “ஒருக்காத்தான் கட்டுவன், வடிவாய் யோசி” என்று அப்பா சொல்லிவிட்டார்.

பக்கத்தில் இருந்த அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பஸ் ஏறியிருந்தார். ஏறுகிறவர்களின் தோள்களைக் கண்ணால் அளந்துகொண்டே வந்தவர், என் தாளை எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, உதிலை நீர் எங்கை நிக்கிறீர்?”

“மேசைக்கு முன்னாலை, அக்கா.”

“நிண்டு என்ன செய்வீர்?”

“பலகை அரிவன்.”

“எங்கை, ஒருக்கா அரிஞ்சு காட்டும். சட்டைக்கு அளவெடுக்கேக்கையும் நான் கையைத் தூக்கச் சொல்லுறனான்.”

மரம் அரியும் வாளைப் பிடிப்பதுபோல் பிடித்து வேகமாக அரிந்து காட்டினேன். தொப்பி பறந்தது.

“பிள்ளை, இது பஸ்!” என்றார் தொப்பிக்காரர்.

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கார்க் கதவும் திறக்கோணுமெல்லே?” என்றபடி அச்சுவேலியில் இறங்கிப் போய்விட்டார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. என் தோளுக்கு என்ன அளவு போட்டிருப்பாரோ!

நாளை விடிந்ததும் முற்றத்தில் காரை நிறுத்தி, கதவுகளையெல்லாம் திறந்து, பக்கத்தில் மேசையைப் போட்டு, ஒரு முழுப் பலகையை அரிந்து பார்க்கப்போகிறேன். அதற்குப் பிறகுதான் மேசனுக்கு அகலம் சொல்வேன்.