வாலுக்கு அடியில் ஒரு கம்பி

அக்கா வீட்டுக்காரருக்குக் கண் போனது, நாட்டுக்கு மலேசியா என்று பெயர் வந்த மறு வருஷம். ஒரே நாளில் போகவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்து, கடைசியில் நடுவில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. அவர் சிங்கப்பூரில் போர்க்கப்பல்களைப் பழுது பார்க்கும் துறையில் பிட்டராக இருந்தவர். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஜெட் விமானங்களை இழுத்து வீசும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. வேலை போனதும் இருவரும் மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங்கில் என் வீட்டு முன்னறையில் தங்கினார்கள்.

அதே வீட்டின் பின்கட்டில் நான் பல் செட் செய்யும் பட்டறை வைத்திருந்தேன். மெழுகு, சுண்ணாம்பு மாவு, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் மாவு, சின்னச் சின்ன அரங்கள். ஓய்வு நேரத்தில் அதே சாமான்களை வைத்துக்கொண்டு, பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மாடல் விமானங்களை ஒட்டிச் சேர்ப்பேன். ஊரில் பலருக்கு அது சிரிப்பாக இருந்தது. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், "கல்யாணம் பண்ண வேண்டிய வயசுல பிளேன் ஒட்டிக்கிட்டு இருக்கான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு வருஷம் அந்தக் கடையில் வேட்டி வாங்காமல் இருந்தேன்.

அக்கா வீட்டுக்காரரான மாமா மட்டும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. கண் நன்றாக இருந்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் விமானங்களைக் கையில் எடுத்து, குறை சொல்லி, தந்துவிட்டுப் போவார். ஓடுதளமே வேண்டாமல் நின்ற இடத்திலிருந்து மேலே எழும்பும் ஜெட் ஒன்று கப்பல் தளத்தில் வந்து இறங்கியது என்று பத்திரிகையில் படம் வந்தபோது, அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "இது வந்துச்சுன்னா எங்க மெஷினுக்கு வேலயே இல்ல மாப்ள. நாங்க எல்லாம் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். அவர் கடைசியாக ஒழுங்காகப் பார்த்த படம் அதுதான் என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தே இருந்தார். சோற்றைப் பிசைந்து வைத்தால் சாப்பிடுவார். கோலாலம்பூரில் பார்வை இல்லாதவர்களுக்குக் கைத்தொழில் சொல்லித்தரும் பள்ளி ஒன்றிலிருந்து இடம் இருக்கிறது என்று கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் பதில் எழுதாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அக்கா அதை மூன்று தரம் அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"கையால பாக்கச் சொல்லித் தருவானாம். கை என்னாத்த பாக்கும்?" என்றார் மாமா. "நான் கண்ணால வேல செஞ்சவன். சும்மா விடு."

அக்கா பட்டறைக்கு வந்து மெழுகு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். "நீ சொன்னா கேப்பாருடா. ஏதாச்சும் பண்ணு" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியாது. பாதியிலேயே கத்திவிடுவேன். செய்யத்தான் தெரியும்.

அந்த ஜெட்டின் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதற்குள் அந்த விமானமே மாறிவிட்டிருந்தது. ராணுவ முகாமிலிருந்து பல் செட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் புது வகையின் வரைபடம் இருந்தது. இறக்கை முழுவதும் பின்பக்கமாகச் சரிந்திருந்தது, வால் பெரிதாகியிருந்தது, உடம்பும் கொஞ்சம் நீண்டிருந்தது. மாமாவின் கைக்குப் பழைய வடிவத்தைக் கொடுத்து என்ன பயன், புதியதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். பெட்டியில் இருந்ததை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, நடுவில் ஈறு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து நீட்டினேன். வாலையும் அதிலேயே வார்த்தேன். வயிற்றுப் பக்கம் இருக்கும் நான்கு புகைவாய்களையும் குண்டூசியில் மாட்டி, பின்னாலும் கீழேயும் திரும்பும்படி செய்தேன். அந்த விமானத்தின் சூட்சுமமே அந்த நாலு வாய்தான். கீழே திருப்பினால் எழும்பும், பின்னால் திருப்பினால் பறக்கும்.

இரண்டு வாரம் ஆயிற்று. சாயமும் அடித்து முடித்து மேசைமேல் வைத்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது.

இது மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு தரமாவது செய்யும் தப்பு. வால் பக்கம் கனமானால் மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் ஈயம் வைக்க வேண்டும். பெட்டியில் வந்தபடி ஒட்டியிருந்தால் தேவையிருந்திருக்காது. நான் சேர்த்த வாலுக்குத் தேவை. எல்லாம் ஒட்டிச் சாயம் பூசிய பிறகு அதை யார் பிரிப்பது? மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் பாக்கி. பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஒட்டினேன். விமானம் நேராக நின்றது. தெரிகிற இடமா என்று குனிந்து பார்த்தேன். பிறகு, பார்க்கப்போவது யார் என்று நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொன்னது என் வாய்தான்.

பல் செட்டின் உள்பக்கம் துளி சொரசொரப்பு இருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். என் தொழிலில் முதல் வாரமே தெரிந்துகொள்ளும் விஷயம் அது. அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பசியாறிய பிறகு அதை மாமாவின் மடியில் வைத்தேன். அக்கா கதவோரம் நின்றாள். மாமா முதலில் தொடவில்லை. பிறகு ஒரு விரல் மூக்கைத் தொட்டது. காற்று உறிஞ்சும் இரண்டு பக்கத் துளைகளுக்குப் போனது. இறக்கையின் விளிம்பிலேயே நகர்ந்து நுனி வரை போய், அங்கிருந்த சின்னச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது.

"இறக்க சாஞ்சிருக்கே. அந்தப் படத்துல இப்படி இல்லியே."

"புது மாதிரி மாமா. மாத்திட்டாங்க."

நான்கு புகைவாய்களையும் கீழே திருப்பினார், பின்னால் திருப்பினார், மறுபடி கீழே திருப்பினார். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

விரல் வாலுக்கு அடியில் போய் நின்றது.

"இது என்னா கம்பி?"

அவர் அதை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இந்த இடத்துல ஒண்ணும் கெடையாதே. முட்டா?" விமானத்தை நடுவில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். வால் தொங்கியது. "வாலு கனம். மூக்குல எட போட மறந்துட்ட." குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே இத வச்ச?"

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் திட்டவில்லை. கம்பியை அசைத்து அசைத்துப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பல்லு கொடையுற மெஷின் இருக்கில்ல? கொண்டா. தூண்டில்ல கட்டுற ஈயமும் வாங்கிட்டு வா, பொடிசா."

ஆற்றோரக் கடைக்குச் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். முன்சக்கரம் மடங்கும் குழியை அவர் நகத்தால் தடவி, "இங்கதான்" என்றார். அவர் விரல் காட்டிய இடத்தில் நான் துளை போட்டேன். ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக அவரே உள்ளே தள்ளினார். ஒன்று போட்டதும் விமானத்தைத் தூக்கிப் பார்ப்பார், அடுத்ததைப் போடுவார். ஏழாவது போட்டுத் தரையில் வைத்தபோது மூக்கு மெல்ல இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டது. எனக்கு முன்பே அவருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

"நிக்குதா?"

"நிக்குது மாமா."

"பாத்துச் சொல்றியா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

அவரே விரலை நீட்டி, சக்கரத்துக்கும் தரைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு துளையை நான் மெழுகால் அடைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அந்தக் கடுதாசிக்கு வர்றேன்னு எழுதிப் போடு" என்றார் அக்காவிடம். அக்கா பேனா தேடி வீட்டையே தலைகீழாக்கினாள்.

கோலாலம்பூரிலிருந்து அவர் பிரம்பு முடையும் கையோடு திரும்பி வந்து பல வருஷம் வேலை செய்தார். அந்த ஜெட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பெரிய இயந்திரம் வந்தது, மூக்கு மாறியது, கடைசியில் விமானி உட்காரும் இடத்தை உயர்த்திக் கடற்படைக்கென்றே ஒரு வகை வந்தது. ஒவ்வொன்றையும் நான் அவருக்குச் செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கியதும், மூக்கைத் தொடுவதற்கு முன்னால், அவர் விரல் நேராக வாலுக்கு அடியில்தான் போகும். அது அங்கிருந்து நகரும் வரை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.